பிரான்ஸ் பக்கம் பதினேழு பேர்

கரும்பலகையின் நடுவே ஒரு கோடு போட்டு, இடப்பக்கம் பிரான்ஸ், வலப்பக்கம் இங்கிலாந்து என்று எழுதியதுதான் நான் செய்த குற்றம். வேறு ஊரில் செய்திருந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். காரைக்காலில் செய்துவிட்டேன்.

நான் சிவப்ரியா. இங்கே ஒரு கல்லூரியில் வரலாற்றுத் துறையில் கௌரவ விரிவுரையாளர். ஆண்டுதோறும் ஆணை வந்தால்தான் வேலை. எங்கள் துறையில் இப்படி இருவர், நானும் கலைவாணனும். வரும் ஆண்டு ஒருவருக்குத்தான் இடம் என்று முதல்வர் தெட்சிணாமூர்த்தி ஜனவரியிலேயே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து கலைவாணன் என்னைப் பார்த்துச் சிரித்தாலே எனக்குச் சுருக்கென்றது. எதற்குச் சிரிக்கிறார்?

அன்றைய பாடம் அமெரிக்கா. புதிய அரசு அமைந்து நாலு வருடம்தான் ஆகியிருந்தது. அதற்குள் பிரான்சும் இங்கிலாந்தும் போரில் இறங்கிவிட்டன. இந்தச் சண்டையில் நமக்கு வேலையில்லை என்று வாஷிங்டன் அறிவித்தார். ஊருக்குள் யார் கேட்டார்கள்? ஒரு கூட்டம் பிரான்சைத் தலையில் தூக்கிவைத்து ஆடியது. இன்னொரு கூட்டம், இங்கிலாந்தோடு வியாபாரம் கெடக் கூடாது என்றது. நீ பாரிசின் கையாள், நீ லண்டனின் அடிவருடி என்று மாறி மாறி ஏசிக்கொண்டார்கள். கட்சிகளே கூடாது என்று பேசியவர்கள் ஒருவரையொருவர் சந்தேகப்பட்டே இரண்டு கட்சியானார்கள். இதைச் சொல்லிக்கொடுத்த வாய் இது.

பிள்ளைகளையே வாதாட வைக்கலாம் என்று முப்பத்தைந்து பேரையும் பிரித்தேன். பக்கத்துக்குப் பதினேழு பேர்; பெயர்களையும் அந்தந்தப் பக்கத்தில் எழுதினேன். ஜன்னலோரம் உட்காரும் மண்டபத்தூர்த் தமிழரசி மட்டும் எந்தப் பக்கமும் வரமாட்டேன் என்றாள்.

"எங்க ஊர்ல ரெண்டு கோஷ்டி ஆச்சுன்னா ஒரு போட்டும் கடலுக்குப் போவாது மேம். நான் நடுவுலயே இருந்துக்குறேன்."

கீழே 'நடுநிலை' என்று எழுதி அவள் பெயரை மட்டும் போட்டேன். வகுப்பு அமர்க்களப்பட்டது. எனக்கே என்மேல் பெருமை பொங்கிய நேரத்தில், ஜன்னலுக்கு வெளியே கலைவாணன் கையில் போனோடு நிற்பதைப் பார்த்தேன்.

மறுநாள் காலை அந்தப் பலகை ஊர் முழுக்க வாட்ஸ்அப்பில் சுற்றியது. 'காலேஜில் பிரெஞ்சு குடியுரிமைக்கு லிஸ்ட் எடுக்கிறார்கள்' என்று கூடவே ஒரு வரி. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர் இது; தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்ததற்கான தாளைப் பீரோவில் பத்திரப்படுத்தி, என்றைக்காவது பிரான்சுக்குக் கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கும் வீடுகள் இங்கே இன்னும் உண்டு. பதினோரு மணிக்குள் கல்லூரி வாசலில் ஏழெட்டுப் பேர், 'எத்தா சிவில்' என்று இங்கே சொல்லும் பழைய பிறப்புப் பதிவு நகல்களோடு நின்றார்கள். பூவத்திலிருந்து வந்த ஒருவர் என்னிடமே கேட்டார்.

"எம் பொண்ணு என்னம்மா தப்பு பண்ணுச்சு? அத மட்டும் ஏன் இங்கிலாந்துல தள்ளிவிட்டீங்க?"

சிரிப்பு வந்தது. முதல்வர் கூப்பிட்டனுப்பியதும் அது போன இடம் தெரியவில்லை.

"யாரைக் கேட்டு லிஸ்ட் எடுத்தீங்க?"

"பாடம் சார் அது."

"வகுப்புல போன் கூடாதுன்னு சர்க்குலர் போட்டிருக்கேன். படம் எடுத்தது யாரு? நாளைக்குள்ள எழுதிக் குடுங்க. ஆணை போடும்போது இதையும் பார்க்க வேண்டியிருக்கும்."

துறை அறைக்குள் நுழைந்தேன். யாருடனோ பேசிக்கொண்டிருந்த கலைவாணன் பேச்சை வெட்டிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார். ஏன் கவிழ்க்க வேண்டும்? வழக்கமாக இரண்டு டீ சொல்கிறவர் அன்று ஒன்றுதான் சொன்னார். படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். சந்தேகமே இல்லை, ஜன்னல் பக்கமிருந்து எடுத்தது. சாயங்காலம் அவரே வந்து, "ஏதாவது உதவி வேணுமா மேடம்?" என்றார். வேவு பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்று முடிவு கட்டினேன்.

மறுநாள் விளக்கம் எழுதினேன். 'கலைவாணன்தான் ஜன்னல் வழியாகப் படம் எடுத்தார் என்று நினைக்கிறேன்.' எழுதிவிட்டு வாசித்தால் பலமில்லாமல் இருந்தது. 'நினைக்கிறேன்' என்பதை அடித்துவிட்டு, எடுத்ததைப் பார்த்தேன் என்று மாற்றினேன். கையெழுத்துப் போட்டு முதல்வர் அறையில் கொடுத்துவிட்டு வந்தேன். நிம்மதியாகக்கூட இருந்தது.

மதியம் தமிழரசி வராந்தாவில் வழிமறித்தாள்.

"சாரி மேம். எம் பேரு தனியா இருந்துச்சேன்னு எங்கம்மாவுக்குத்தான் அனுப்புனேன். அது ஹார்பர்ல எல்லாருக்கும் அனுப்பி விட்டுருச்சு."

"நீயா எடுத்தே? யாரைக் கேட்டு எடுத்தே?"

"உங்களத்தான் மேம் கேட்டேன். எடுத்துக்கன்னு சொல்லிட்டு, பலகை மறைக்குதுன்னு நீங்களே தள்ளி நின்னீங்க."

நின்றேன். சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டே ஒதுங்கி நின்றது ஞாபகம் வந்துவிட்டது. யாரிடமும் சொல்லாதே என்று இவளிடம் சொன்னால் போதும், ஆணை எனக்குத்தான். சொல்ல வாய் திறந்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கமாகப் போய்விட்டது.

முதல்வர் அறைக்குப் போனபோது கலைவாணன் அங்கே நின்றுகொண்டிருந்தார். மேசையில் என் கடிதம்.

"ஜன்னல்கிட்ட நின்னது உண்மைதான் சார்" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். "மேடம் நடத்துனது நல்லா இருந்துச்சு. கேட்டுக்கிட்டே நின்னுட்டேன். படம் எடுக்கல. பார்த்தேன்னு அவங்க எழுதியிருந்தா, கையில போன் இருந்ததால அப்படித் தெரிஞ்சிருக்கும்."

முதல்வர் என்னைப் பார்த்தார். "நீங்க பார்த்தீங்களா?"

"இல்ல சார். வகுப்புல ஒரு பொண்ணு எடுத்துச்சு. எடுத்துக்கன்னு சொன்னது நான்தான்."

ஆணை யாருக்கு என்பது அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது. முதல்வர் கடிதத்தை என் பக்கம் தள்ளி, அந்த வரியை அடித்துத் திருத்தி எழுதச் சொன்னார். அவசரத்தில் பேனா கொண்டு வரவில்லை. கலைவாணன் சட்டைப்பையிலிருந்து தன் பேனாவை எடுத்தார். கை நீட்டினேன். அவர் அதை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனார்.