நாடிக்கட்டு

பச்சை பீரோவின் லாக்கரை மூன்றாவது தடவையாகத் துழாவிக்கொண்டிருந்தாள் பிரிஸ்கில்லா. கல்யாண ஆல்பம் வந்தது. ஞானஸ்நானச் சான்றிதழ் வந்தது. வாயோரம் நீல மை காய்ந்துபோன ஒரு பேனா மூடி வந்தது, பேனாவைக் காணோம். எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, ஓரம் பிய்ந்த அந்தப் பால்கோவா அட்டைப்பெட்டியை மறுபடியும் திறந்தாள். கேசட் இருந்தது. பித்தளை டோக்கன், கேட் பாஸ், மில்லில் நூல் சுற்றுகிற மரப் பாபின், எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. பேண்டேஜ் சுருள் மட்டும் இல்லை.

கூடத்தில் அவளுடைய அப்பா தவசிமுத்து ஐஸ் பெட்டிக்குள் படுத்திருந்தார். காலை ஐந்து மணிக்குக் காப்பி கேட்டவர், பால் பொங்குவதற்குள் போய்விட்டார். எந்தக் காரியத்திலும் யாரையும் காக்க வைத்துப் பழக்கமில்லாத மனிதர். சாயங்காலம் நான்கு மணிக்கு எடுப்பதாகச் சர்ச்சுக்குச் சொல்லியாகிவிட்டது.

வாசல்படியில் நிழல் தட்டியது. அப்பாவின் தங்கை சுந்தரம்மாள், சேத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கியவள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏட்டி, உங்கப்பன் இன்னும் வீட்டை விட்டே போகல. அதுக்குள்ள பீரோவை எதுக்கு உருட்டுத? பத்திரம் எங்கயும் ஓடிப் போயிராது."

"பத்திரம் இல்ல அத்த. வெளையாட்டு."

"வெளையாட்டா?"

அத்தை அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். பிறகு கூடத்துக்குப் போய், பிள்ளைக்குத் துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது போலிருக்கிறது, யாராவது மோரில் உப்புப் போட்டுக் கொடுங்கள் என்றாள். மோரும் வந்தது. பிரிஸ்கில்லா குடித்துவிட்டுத் தேடினாள்.

விளையாட்டு என்றால் நிஜமாகவே விளையாட்டுத்தான். பிரிஸ்கில்லா தொட்டிலில் கிடந்த காலத்தில், பேண்டேஜ் கம்பெனி ஆபீசில் வேலை பார்த்த தவசிமுத்து, டி.வி.யில் மாட்டுகிற ஒரு சின்னக் கம்ப்யூட்டரை வாங்கி, ஒரு வருஷம் அதன் முன்னால் குந்தியிருந்து அந்த விளையாட்டை எழுதினார். பேர் 'மூன்றாம் ஷிப்ட்'. படம் கிடையாது, வெறும் எழுத்துதான். நீ மில் வாசலில் நிற்கிறாய், கேட் பூட்டியிருக்கிறது, வாட்ச்மேனைக் காணோம் என்று திரையில் வரும். வடக்கே போ, கதவைத் தள்ளு, பாபினை எடு என்று நாம் டைப் அடிக்க வேண்டும். தமிழ் எழுத்து அந்தப் பெட்டிக்கு வராததால் எல்லாம் இங்கிலீஷ் எழுத்தில் எழுதிய தமிழ். தெரியாததை அடித்துவிட்டால், 'புரியவில்லை, வேறு மாதிரி சொல்' என்று பதில் போடும். வீட்டில் எதைச் சொன்னாலும் அவரும் அதே பதிலைத்தான் சொல்கிறார் என்பது பிரிஸ்கில்லாவின் அம்மா ஜெயபாய் அந்தக் காலத்தில் தெருவெல்லாம் சொல்லித் திரிந்த குறை.

விளையாட்டைப் பதிந்த கேசட்டை வெறுமனே விற்கக்கூடாது என்பது தவசிமுத்துவின் பிடிவாதம். விளையாடுகிறவன் கையில் அந்த மில்லே இருக்க வேண்டும் என்பார். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறிப் போய், பால்கோவாக் கடைகளுக்கு அட்டைப்பெட்டி செய்கிறவரிடம் பெட்டி வாங்கிவந்தார். உள்ளே வாட்ச்மேனின் டோக்கன், கேட் பாஸ், பாபின், அப்புறம் ஒன்றரை மீட்டர் பேண்டேஜ். பேண்டேஜ் முழுக்க நீல மையில் வட்டமும் கோடும் இருக்கும். அதைப் பாபினில் சாய்வாகச் சுற்றினால் வட்டங்கள் ஒரு வரிசையில் வந்து நிற்கும். அந்த வரிசையைப் படித்தால்தான் மில்லின் கடைசி அறைக்கு வழி தெரியும். அது இல்லாமல் அந்த அறைக்குள் யாரும் போக முடியாது. நூற்றுப் பன்னிரண்டு பெட்டிகள் தபாலில் போயின.

ஒன்றை மட்டும் அவர் யோசிக்கவில்லை. இந்தப் பக்கத்து ஜனங்கள் கையில் பேண்டேஜைக் கொடுத்தால் காயத்துக்குத்தான் கட்டுவார்கள்.

செட்டியார்பட்டி ஜெயபாண்டிக்கு அப்போது பத்து வயது. சைக்கிளிலிருந்து விழுந்து முழங்காலைப் பேர்த்துக்கொண்டு வந்தவனுக்கு, அவன் அம்மா பெட்டியிலிருந்த பேண்டேஜை எடுத்துக் கட்டிவிட்டாள். கடைசி அறையில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே அவன் வளர்ந்து, கல்யாணம் பண்ணி, கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலைக்கும் போய்விட்டான். போன வருஷம் தவசிமுத்துவைத் தேடிக்கொண்டு வந்து, இதைத் திரும்ப வெளியிடலாம் சார் என்றான். போனில் விளையாடலாம். வேண்டும் என்கிறவர்களுக்கு அதே பெட்டி, அதே சாமான், முந்நூறு பெட்டி. பழைய ஆட்களில் பத்தொன்பது பேரைக் கண்டுபிடித்துக் கேட்டும் பார்த்தான். பத்தொன்பது பேண்டேஜும் முழங்காலுக்கும் நெற்றிக்கும் போயிருந்தன, ஒன்று ஆட்டுக்குட்டியின் காலுக்கு. புரோகிராமைப் பிரித்துப் பார்த்தால் வழி தெரிந்துவிடும்தான். அது காப்பி அடிக்கிற மாதிரி, மாட்டேன் என்றுவிட்டான். தவசிமுத்துவுக்கோ பக்கவாதம் வந்த பிறகு எத்தனை வட்டம், எத்தனை கோடு என்பதெல்லாம் சுத்தமாக மறந்துபோயிருந்தது.

ஆனால் பீரோவில் ஒரு சுருள் இருந்தது, அதை யாரும் தொட அவர் விடவில்லை.

"சாம்பிள் பெட்டி வரட்டும். என் கையால வச்சுத் தாரேன்" என்று போன மாதம்தான் அவர் குழறிக் குழறிச் சொன்னார். "துணி இல்லாம வெளிய விட்டுராதீங்க. அது பாதி வெளையாட்டு."

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஜெயபாண்டி சாம்பிளோடு வருவதாக இருந்தது. இன்றைக்கு வியாழன். காலையில் போனில் செய்தி சொன்னபோது ஜெயபாண்டி அழுதது பிரிஸ்கில்லாவின் காதிலேயே இருந்தது. அந்தச் சுருளை எடுத்து ஜெயபாண்டியின் கையில் கொடுத்துவிட்டால் அப்பா சொன்ன சொல் நிற்கும். அழுவதற்கு முன்னால் அதைச் செய்துவிட வேண்டும் என்று அவளுக்கு இருந்தது.

பன்னிரண்டரைக்கு ஜெயபாண்டி வந்துசேர்ந்தார். தலை நரைத்திருந்த அந்த மனிதர் ஒரு துணிப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார்.

"ஸ்ரீவில்லிபுத்தூர்ல எறங்கி வாங்கிட்டு வாரேன் சிஸ்டர். அந்தப் பெட்டிக்காரரோட மகன்தான் செஞ்சது. ஞாயித்துக்கெழமை வரைக்கும் எதுக்குன்னு..."

பெட்டியைத் திறந்து காட்டினார். வெள்ளை அட்டை, மூடியில் 'மூன்றாம் ஷிப்ட், ஆக்கம்: தவசிமுத்து' என்று அச்சு. உள்ளே ஒவ்வொன்றுக்கும் ஒரு குழி வெட்டி டோக்கன், கேட் பாஸ், பாபின் எல்லாம் உட்கார்ந்திருந்தன. ஒரு குழி மட்டும் காலி.

அதை அப்பாவிடம் காட்டலாம் என்று இருவரும் ஐஸ் பெட்டிப் பக்கம் போனார்கள். கண்ணாடி வேர்த்திருந்தது. பிரிஸ்கில்லா முந்தானையால் துடைத்தாள். அப்பாவின் முகம் தெரிந்தது. வாய் திறந்துவிடாமல் ஒரு துணியால் நாடியைச் சேர்த்து உச்சந்தலையில் முடிச்சுப் போட்டிருந்தார்கள். காது ஓரமாக, அந்தக் கட்டின் மேல், ஈரத்தில் லேசாகக் கசிந்து ஒரு நீல வட்டம் இருந்தது. அதற்குக் கீழே இன்னொன்று. ஒரு கோடு.

ஜெயபாண்டியும் பார்த்துவிட்டார்.

பிரிஸ்கில்லா அத்தையை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள். "நாடிக்கட்டுத் துணிய எங்க இருந்து எடுத்தீங்க அத்த?"

"நா எங்கட்டி எடுத்தேன்? ஒரு துணி குடுங்க மதினின்னேன். உங்கம்மாதான் பீரோவைத் தெறந்து குடுத்தா. ஏன், அதுல என்ன?"

அடுப்படி அலமாரியில் கம்பெனிப் பேண்டேஜ் ஒரு டஜன் சுருள் கிடந்தது. எந்நேரமும் கிடக்கும். அம்மா மேல் வந்த கோபத்தில் அப்பா செத்துப்போனதே ஒரு நிமிஷம் அவளுக்கு மறந்துபோனது.

ஜெயபாய் கூடத்து மூலையில் பெண்களுக்கு நடுவே வெள்ளைச் சேலையில் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அவள் அழவும் இல்லை, யாரோடும் பேசவும் இல்லை. பிரிஸ்கில்லா பக்கத்தில் குத்தவைத்தாள்.

"அம்மா, நாடிக்குக் கட்டினீங்களே, அது எந்தத் துணின்னு தெரியுமா?"

"தெரியும்" என்றாள் ஜெயபாய்.

அவ்வளவுதான். அதற்குள் அழுதுகொண்டே ஒருத்தி வந்து அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

வெளியே பந்தலில் ஜெயபாண்டி அவளைத் தணிந்த குரலில் சமாதானப்படுத்தினார். "பெட்டி மூடுறதுக்கு முந்தி கட்டை அவுத்துருவாங்கல்லா சிஸ்டர். அப்ப விரிச்சு ஒரு போட்டோ எடுத்துக்கிட்டாப் போதும். ரெண்டு நிமிஷ வேலை. பொறவு அதை அவுங்ககிட்டயே குடுத்துரலாம்."

ரெண்டு நிமிஷம். மூன்றரை வரைக்கும் பிரிஸ்கில்லா அதை நினைத்துக்கொண்டே வந்தவர்களுக்கெல்லாம் தலையாட்டினாள். போனில் சார்ஜ் இருக்கிறதா என்று நாலு தடவை பார்த்தாள்.

போதகர் வந்து ஜெபம் முடித்தார். தவசிமுத்துவைச் சவப்பெட்டிக்கு மாற்றினார்கள். கட்டோடு போகக்கூடாது என்று சுந்தரம்மாள் கால் கட்டை விரல்களைப் பிரித்துவிட்டாள், கைக்கட்டை அவிழ்த்தாள், கடைசியில் உச்சந்தலை முடிச்சை நகத்தால் நெம்பி எடுத்தாள். அவிழ்த்த துணி மூன்றையும் கால்மாட்டில் போட வேண்டும்.

"அத்த, நாடிக்கட்டை மட்டும் இங்க குடுங்க."

"இது வீட்டுக்கு ஆவாதுட்டி."

"வீட்டுக்கு இல்ல. விரிச்சு ஒரு போட்டோ."

அழுதுகொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். போதகர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அத்தை துணியைப் பாதி தூரம் நீட்டினாள். அதற்குள் ஜெயபாய் எழுந்து வந்து அதை வாங்கிக்கொண்டாள்.

விரிக்கவில்லை. ஒரு நுனியைச் சுண்டுவிரலில் பிடித்து, கம்பெனியில் சுருட்டுகிற மாதிரி விளிம்போடு விளிம்பு சேர்த்து, நிதானமாகச் சுருட்டினாள். நீல வட்டங்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. சுருட்டி முடித்ததைப் புருஷனின் சட்டைப் பையில் வைத்து, பையை ஒரு தரம் தட்டிக்கொடுத்தாள்.

"அப்பா கடைசியா கேட்டது இது ஒண்ணுதாம்மா" என்றாள் பிரிஸ்கில்லா.

"கேட்டது எனக்கும் தெரியும். போகட்டும்ட்டி."

கை எட்டுகிற தூரத்தில்தான் அந்தப் பை இருந்தது. எடுத்திருக்கலாம். யாரும் கையைப் பிடித்திருக்க மாட்டார்கள். ஆனால் அம்மாவின் கை அந்தப் பை மேலேயே இருந்தது. பிரிஸ்கில்லா போனைக் கைப்பைக்குள் போட்டாள். மூடி இறங்கியது. அந்த நேரத்தில் அவளுக்கு அம்மாவைக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பி, குளித்து, ஜெபம் முடிந்து, பக்கத்து வீட்டிலிருந்து வந்த இட்லியை எல்லோரும் பேருக்குப் பிய்த்துவிட்டு எழுந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. சுந்தரம்மாள் ஆறு மணிப் பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனாள். சொந்தக்காரர்கள் பந்தலுக்குப் போய்விட்டார்கள். கூடத்தில் மூன்று பேர்தான் மிச்சம்.

ஜெயபாண்டி பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "நான் வாரேம்மா."

"வெளியிடுறது?" என்று கேட்டாள் பிரிஸ்கில்லா.

"துணி இல்லாம விட மாட்டேன்னு சார்கிட்ட சொல்லிருக்கேன் சிஸ்டர். விடுங்க. அம்புட்டுத்தான் குடுத்துவச்சது."

"ரயிலு எத்தன மணிக்கு தம்பி?" என்றாள் ஜெயபாய்.

"பஸ்ஸுலதாம்மா போறேன். எப்ப வேணாலும் போகலாம்."

"அப்ப செத்த நேரம் இருங்க."

அடுப்படிக்குப் போனவள் ஒரு புதுப் பேண்டேஜ் சுருளோடும் தீப்பெட்டியோடும் வந்தாள். பீரோவைத் திறந்து அந்தப் பேனா மூடியை எடுத்தாள். "ஒம் பையில பள்ளிக்கூடத்து ஸ்டாம்ப் பேடு இருக்கும்லா, எடு" என்றாள் டீச்சர் வேலை பார்க்கிற மகளிடம். "ஃபேன அமத்து. துணி பறக்கும்."

மேஜை மேல் துணியை நீளமாக விரித்து ஒரு நுனியில் டம்ளரை வைத்தாள். பேனா மூடியின் வாயை மையில் ஒற்றித் துணியில் வைத்து எடுத்தாள். வட்டம். பக்கத்தில் இன்னொரு வட்டம். தீக்குச்சியைப் படுக்க வைத்து ஒற்றி ஒரு கோடு. ரெண்டு விரற்கடை விட்டு மறுபடியும் வட்டம். யோசிக்கவில்லை, எண்ணவில்லை. கை பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஜெயபாண்டி உட்கார்ந்துவிட்டார்.

"நூத்திப் பன்னெண்டு துணி, வீட்டுக்கு ஒண்ணு" என்றாள் ஜெயபாய், தலை நிமிராமல். "இவ தொட்டில்ல கெடந்தா. ஒரு கால்ல தொட்டிய ஆட்டிக்கிட்டே போட்டது. ஒரு மாசம் சோத்துல எல்லாம் மை. அவியளுக்கு மறந்துபோச்சுன்னா எனக்கும் மறக்கணுமா?"

"ஏம்மா சொல்லல?" என்றாள் பிரிஸ்கில்லா. "பழைய ஆளுகளை எல்லாம் தேடித் தேடிக் கேட்டாரே."

"என்னைய யாரு கேட்டீங்க?"

குரலில் கோபம் இல்லை. துணியை நகர்த்தி டம்ளரை மாற்றி வைத்தாள். இன்னும் அரை மீட்டர் இருந்தது.

"கம்பெனித் துணி எம்புட்டோ கெடந்துச்சு" என்றாள். "எங் கை பட்டதைக் கட்டி அனுப்பணும்னு இருந்துச்சு."

கடைசி வட்டத்தை வைத்துவிட்டுப் பேனா மூடியைக் கீழே வைத்தாள். ஜெயபாண்டி பெட்டியைத் திறந்து பாபினை எடுத்தார். முப்பத்தைந்து வருஷத்து ஆசை கையில் தெரிந்தது. துணியின் நுனியைத் தொடப் போனார்.

"செத்த இருங்க தம்பி. காயட்டும்."

அவர் கையை இழுத்துக்கொண்டார். மூவரும் ஃபேன் இல்லாத கூடத்தில் வேர்த்து வழிய அந்தத் துணியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மை பட்ட விரல்களை வெள்ளைச் சேலையில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஜெயபாய் குனிந்து கடைசி வட்டத்தின் மேல் மெதுவாக ஊதினாள்.