சுன்னிவாவின் வெள்ளைப் புருவம்

எங்கள் கார்ப்படகு, மலைகளுக்கு நடுவே நீளும் கடற்கழியான ஃபியோர்டைக் கடக்க இருபது நிமிடம் ஆகும். நான், குட்வைக், மேல்தளத்தில் சிற்றுண்டிக் கடை பார்க்கிறேன். சுன்னிவா கீழே கார்களை வரிசைப்படுத்துவாள். வயது இருபத்தொன்பது. வாய் ஓயாது.

தொடையில் கட்டி வந்தபோது, வலிக்கவில்லை என்று நான்கு மாதம் கடத்திவிட்டாள். நான் திட்டித்தான் டாக்டரிடம் போனாள். பெர்கன் மருத்துவமனையில் கட்டியை அகற்றி, வெகு சிலருக்கே வரும் ஒரு தசைப் புற்றுநோய் என்றார்கள். நுரையீரலிலும் பட்டாணி அளவில் ஐந்தாறு இருந்தன.

அடுத்த சந்திப்புக்கு நானும் கூடப் போனேன்.

"வழக்கமான கீமோவுக்கு இது அவ்வளவா மசியாது," என்றார் டாக்டர் லுண்டே. "ஆனா இது புதுசு புதுசா ரத்தக்குழாய இழுத்துத்தான் வளருது. அத அடைக்கிற மாத்திரை இருக்கு. இல்லன்னா, உடம்போட எதிர்ப்பு சக்தியத் தட்டி எழுப்புற மருந்து. அத மூணு வாரத்துக்கு ஒருதரம் வந்து ஏத்திக்கணும்."

"எது குணமாக்கும்?" என்று கேட்டாள் சுன்னிவா.

"குணமாகும்னு சொல்ல மாட்டேன். அடக்கி வைக்கலாம். ஒண்ணு கேக்கலன்னா இன்னொண்ணு."

அவள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"மாத்திர போட்டுட்டு படகுல வேல பாக்கலாமா?"

"உடம்பு விட்டா, தாராளமா."

"அப்ப மாத்திர."

அதை வெறும் வயிற்றில் விழுங்கி ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். காலையில் நான் ஸ்வேலே அப்பம் சுடும் நேரமும் அதுதான்.

"வேணும்னே வாசன கெளப்புறியா, குட்வைக்?"

"ஆமாடி, உனக்காகத்தான் கடையே நடத்துறேன்."

மூன்றாம் மாதம் அந்த மாத்திரையால் புருவம் வெளுத்தது, பிறகு தலைமுடியும். ஒரு லாரிக்காரர் என்னிடம், "கீழ நிக்கிறது உங்க அக்காவா?" என்று கேட்டார். எனக்கு ஐம்பத்தாறு. சுன்னிவா அதை ஒரு வாரம் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாள்.

சிரிக்காத நாட்களும் உண்டு. ரத்த அழுத்தம் ஏறியது, வயிறு கலங்கியது. ஒருநாள் படகின் கயிறுகளை வைக்கும் அறையில் உட்கார்ந்து அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். டாக்டர் மாத்திரையின் அளவைக் குறைத்த பிறகு நிமிர்ந்தாள்.

ஸ்கேனில் பட்டாணிகள் பாதியாகச் சுருங்கியிருந்தன. பதினான்கு மாதம் அப்படியே போனது. பிறகு ஒன்று மட்டும் மெல்லத் தலைதூக்கியது. இரண்டாவது மருந்துக்கு மாறலாம் என்றார் லுண்டே.

அன்று திரும்பும் வழியில் நான்தான் கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டிருந்தேன்.

"மூஞ்சிய ஏன் தொங்கப் போடுற? வழி ஒண்ணு இருக்குல்ல," என்றாள்.

இப்போது நான்கு முறை மருந்து ஏற்றியாகிவிட்டது. வளர்ந்த கட்டி மேலும் வளராமல் நிற்கிறது. மூன்று வாரத்துக்கு ஒரு வியாழக்கிழமை பெர்கன் போகிறாள். வெள்ளிக்கிழமை கீழ்த்தளத்தில் கையை வீசி, தப்பான வரிசையில் நுழைந்தவர்களை விரட்டுகிறாள்.