பதினெட்டாவது வாய்தா

1996ஆம் வருஷம் ஆவணி மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, மைசூர் வக்கீல் முரளிதரனின் வாய் அவர் முகத்தை விட்டுக் கிளம்பிப் போனது. அன்று சந்தையில் தக்காளி கிலோ நாலு ரூபாய்.

முரளிதரன் லேசுப்பட்ட ஆளில்லை. ஆலைகளில் கை கால் போன தொழிலாளிகளுக்காகவே அவதாரம் எடுத்தவர் என்று அவரே போர்டு எழுதி மாட்டியிருந்தார். கௌதள்ளியிலிருந்து பிழைக்க வந்த மாதேவி, ஊதுபத்தி ஆலையின் மாவு அரைக்கிற மிஷினுக்கு வலது கையை மணிக்கட்டுவரை கொடுத்துவிட்டு, அந்தப் போர்டை நம்பிப் படியேறினாள். ஆலை முதலாளியோ அப்படியொருத்தி தன்னிடம் வேலையே பார்த்ததில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தார். பார்த்தாள் என்பதற்கு இருந்த ஒரே அத்தாட்சி, அவள் படம் ஒட்டிய ஆலைச் சீட்டு. அதை வக்கீல் பத்திரமாக வாங்கி வைத்துக்கொண்டார். எவ்வளவு பத்திரமென்றால், விசாரிக்கிற அதிகாரியின் கண்ணில்கூட அது படவில்லை.

இரண்டு வருஷத்தில் பதினேழு செவ்வாய்க்கிழமைகள் வழக்கு வந்தது. பதினேழு தடவையும் வக்கீல் அதிகாரியிடம் இங்கிலீஷில் ஏதோ முனகிவிட்டு, மாதேவி பக்கம் திரும்பி "வாய்தா" என்பார். அத்தோடு அன்றைய சேவை முடிந்தது.

"வக்கீலய்யா போறப்பல்லாம் எங்கிட்ட 'வாய் தா, வாய் தா'ங்கறாருங்க" என்றாள் மாதேவி, தன் புருஷன் சித்தையனிடம். "பாவம், பேசறதுக்கு வாய் இல்லையாட்ட இருக்குது."

சித்தையன் கொத்து வேலைக்காரன். "மாதேஸ்வரன் மலைக்குப் போயி வெள்ளியில ஒரு கை உரு வாங்கிப் போட்டுட்டு வா புள்ள. வக்கீலுக்கு வாய் கேட்டா சாமியே சிரிக்கும்" என்றான்.

மாதேவி கொள்ளேகால் போய் மலைக்குப் பஸ் ஏறினாள். கடையில் கை, கால், கண் எல்லாம் இருந்தன, வாய் மட்டும் இல்லை. கடைக்காரர் ஒரு கண் உருவின் நடுவே கோடு கீறி வாயாக்கிக் கொடுத்தார். "கை போனது போச்சு சாமி, எங்க வக்கீலுக்கு ஒரு வாய் குடு" என்று அதை உண்டியலில் போட்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை கடைசித் தவணை. வக்கீல் வராவிட்டால் வழக்கு தள்ளுபடி என்று அதிகாரி சொல்லியிருந்தார். வக்கீல் வரவில்லை. அதிகாரி பேனாவைத் திறந்த நேரம், அவளுடைய மொட்டைக் கையின் முனையில் முரளிதரனின் வாய் வந்து உட்கார்ந்தது. தங்கப்பல், வெற்றிலைக் கறை எல்லாம் சரியாக இருந்தன. மென்றுகொண்டிருந்ததை விழுங்கிவிட்டு நல்ல கன்னடத்தில் பேச ஆரம்பித்தது.

வக்கீல் முழுசாக வரவேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லாததால் அதிகாரி எழுதிக்கொண்டார். மாதேவி அந்த ஆலையில் மூன்று வருஷம் வேலை பார்த்தாள், சீட்டு என் மேசையின் இரண்டாவது டிராயரில் இருக்கிறது என்றது வாய். இத்தனை நாள் ஏன் காட்டவில்லை என்றார் அதிகாரி. வாய்க்குத் தின்றதை மறைக்கத் தெரியவில்லை. முதல் வாய்தாவுக்கு ஆலை முதலாளி வீட்டில் மசாலா தோசை, மூன்றாவதுக்கு பிசிபேளாபாத் என்று ஒன்றுவிடாமல் ஒப்பித்து, இன்று அவர் மகள் நிச்சயதார்த்தத்து மைசூர்பாகில் கொண்டுவந்து முடித்தது. இரண்டு வருஷம் அந்த வக்கீல் வீட்டுப் படியில் பட்டினி கிடந்தவள் மாதேவி.

வழக்கு ஜெயித்தது. வக்கீல்களை விசாரிக்கிற சபை முரளிதரனைக் கூப்பிட்டுக் கேட்டது. அவர் ஒன்றும் பேசாததை ஒப்புதலாக எடுத்துக்கொண்டு சன்னதைப் பறித்தது. அவரிடம் மாட்டியிருந்த மற்ற முப்பது பேரும் மாதேவியைக் கூட்டிப்போய்த் தங்கள் வழக்குகளைப் பேசவைத்தார்கள். வாய் ஒருநாள்கூட வாய்தா கேட்கவில்லை.

பசி மட்டும் அவர் வயிற்றிலேயே தங்கிவிட்டது. தினம் மத்தியானம் முரளிதரன் மாதேவி வீட்டு வாசற்படியில் வந்து உட்காருவார். அவள் இடது கையால் ராகிக் களியை உருட்டி வலது மணிக்கட்டுக்கு ஊட்டுவாள், அவருக்கு வயிறு நிறையும். செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் ஒரு துண்டுக் காகிதம் நீட்டுவார். சித்தையன் வாங்கி எழுத்துக் கூட்டிப் படிப்பான்: "வாய் தா."

"அடுத்த செவ்வாக்கெழம வாங்க, பாக்கலாம்" என்பாள் மாதேவி.

முரளிதரன் டைரியை எடுத்துத் தேதி குறித்துக்கொள்வார். போன வாரம் குறித்தது பதினெட்டாவது.