ஒரு தட்டுக்கு இரண்டு 'க'

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையைத் தேடி நான் எங்கும் போகவில்லை. என் கீபோர்டில் தேநீரைக் கொட்டிவிட்டு, பழுதுபார்க்கக் கொண்டுபோன இடத்தில் கிடைத்தது. எழுத்து மூடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் துடைத்துக்கொண்டே அந்தப் பெண் சொன்னாள். சொல்லி முடித்ததும், "எழுதறதா இருந்தா எழுதுங்க. ஆனா என்னை நல்லவளா ஆக்கிடாதீங்க" என்றாள்.

அந்த நிபந்தனையில்தான் என் பிழைப்பு சிரிப்பாய்ச் சிரிக்கிறது.

என் முதல் தொடக்கம் இது: 'மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், உலகின் மிக அழகான ஓசையைத் தேடி அவள்—'

வேண்டாம். மழையே பெய்யவில்லை. அடுத்தது: 'கீபோர்டு என்பது மனிதனின் பதினோராவது விரல். அது—'

இதுவும் வேண்டாம். எனக்கே கூச்சமாக இருக்கிறது. நேராகச் சொல்லிவிடுகிறேன்.

2

வாடிக்கையாளர்கள் அவளை டக்கு அக்கா என்பார்கள். சலவைக் கடைக்கு மேலே ஒற்றை அறை. கேட்ட அளவில், கேட்டவர் விரலுக்கு ஏற்றபடி கீபோர்டு கட்டித் தருவாள். ஒவ்வொரு எழுத்துக்கு அடியிலும் ஒரு குட்டி சுவிட்ச். அதற்குள் ஒரு சுருள்வில், ஒரு செம்புத் தகடு. அழுத்தினால் தகடு தொடும், எழுத்து விழும். ஐந்து கோடித் தட்டு தாங்கும் என்று பெட்டியில் அச்சடித்திருப்பார்கள்.

[ஐந்து கோடியை யார் எண்ணினார்கள் என்று கேட்டேன். "எண்ணிப் பார்த்தவங்க பெட்டியில எழுத மாட்டாங்க" என்றாள்.]

அவள் எண்ணுவாள். பழைய தையல் மெஷின் மோட்டாரை வைத்து, சுவிட்சைத் தட்டுவதற்கென்றே அவளே ஒரு கருவி செய்திருந்தாள். புதுச் சரக்கு வந்தால் இருபது சுவிட்சை எடுத்து ஆளுக்கு ஒரு லட்சம் தட்டு. அந்த முறை வந்த சரக்கில், இருபதில் இரண்டு பாதி வழியிலேயே கோளாறு காட்டின. ஒருதரம் தட்டினால் எழுத்து இரண்டாக விழுந்தது.

திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை.

(முதல் வரைவில் இந்த இடத்தில் அவளுக்கு ஒரு நோயாளிக் குழந்தையைக் கொடுத்திருந்தேன். தப்புக்கு ஒரு நியாயம் வேண்டுமே! படித்துவிட்டு, "எனக்குக் குழந்தையே இல்லீங்களே" என்றாள். அடித்துவிட்டேன்.)

காரணம் சத்தம். அந்த சுவிட்சுகளின் சத்தம் நன்றாக இருந்தது. இதை விவரித்து நான் எழுதிய ஆறு வரியை அவள் மூன்று சொல்லாக்கிவிட்டாள்: ரொம்ப நல்லா இருந்துச்சு. 'மெஷின் பேய் மாதிரித் தட்டுது, மனுஷ விரல் அப்படியா தட்டப்போகுது' என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, அந்தச் சரக்கில் முப்பத்தொரு கீபோர்டு கட்டினாள்.

3

அதில் ஒன்று மாஸ்டருக்குப் போனது. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். முப்பது வருடம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து "கிளட்ச், கிளட்ச்!" என்று கத்திய தொண்டை. அதில் நோய் வந்து, குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். இப்போது அவர் தட்டச்சு செய்து ஒரு விசையை அழுத்தினால், கணினி வாய்விட்டுச் சொல்லும். கீபோர்டு வாங்க வந்தவள் அவர் மகள், பல் டாக்டர்.

"இனிமே அப்பாவுக்கு இதுதான் வாய். நல்லதாப் பார்த்துப் போடுங்க."

"என்கிட்ட இருக்கறதுலயே நல்லதைப் போடறேன்" என்றாள் அக்கா. அதைப் பொய்யென்று நினைத்து அவள் சொல்லவில்லை.

(ஓர் அடிக்குறிப்பை அடியில் வைக்காமல் இங்கேயே வைக்கிறேன். மாஸ்டர் பயன்படுத்தும் தமிழ்த் தட்டச்சு முறையில் ஒரே உயிர்மெய் எழுத்தை இருமுறை அடித்தால், முதலாவதன் மேல் புள்ளி தானாக விழுந்துவிடும். 'க' இரண்டு தடவை விழுந்தால் 'க்க'. ஆகவே சுவிட்ச் கெட்டுப்போனாலும் நல்ல தமிழிலேயே கெடும்.)

இரண்டு மாதம் கழித்து மகள் போன் செய்தாள். "அந்த 'க' ரெண்டு தடவை விழுதுங்க. தாகம்னு அடிச்சா தாக்கம்னு பேசுது."

எந்தச் சரக்கு, என்ன கோளாறு, எல்லாம் அக்காவுக்குத் தெரிந்தது. வாய் வேறு சொன்னது: "அப்பாவுக்கு விரல் கொஞ்சம் தடுமாறுது போல. லேசாத் தட்டச் சொல்லுங்க, சரியாயிடும்."

4

மூன்று வாரத்தில் மகள் சொந்தமாக மருத்துவமனை திறந்தாள். நாற்பது பேர் வந்திருந்தார்கள். மாஸ்டர் இரண்டு வார்த்தை பேசுவதாக ஏற்பாடு. முன்கூட்டியே அடித்து வைக்கச் சொன்னதற்கு மறுத்துவிட்டார். சாலையைப் பார், கியரைப் பார்க்காதே என்று முப்பது வருடம் சொல்லிக்கொடுத்த மனிதர். திரையைப் பார்க்காமல், வந்தவர்கள் முகத்தைப் பார்த்தபடியே அடித்தார்.

'என் மகள்' என்று அடித்தார்.

"என் மக்கள்" என்றது கணினி.

பின்னாலிருந்து ஒருவர், "தலைவர் வாழ்க!" என்று குரல் கொடுத்தார். எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டரும் சிரித்துவிட்டு, அக்கா சொல்லியனுப்பியபடி லேசாக, மிக லேசாக மறுபடி அடித்தார். "என் மக்கள்." இந்த முறை மகளும் சிரித்துவிட்டாள். மூன்றாவது முறையும் அதுவேதான் வந்தது. அவர் கணினியை மூடினார். பதினோரு நாள் ஆகியும் திறக்கவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைக் காட்டினார்.

பன்னிரண்டாம் நாள் மகள் அக்காவின் அறைக்கே வந்தாள்.

"உங்க கீபோர்டுல குறை இல்லீங்க. அப்பாதான், நோய் கைக்கும் வந்துடுச்சுன்னு நினைக்கறார். நரம்பு டாக்டரைப் பார்க்கத் தேதி வாங்கியிருக்கோம். விரல் தடுமாறுதுன்னு நீங்க சொன்னதுலதான் எங்களுக்கே தோணுச்சு. நல்லவேளை சொன்னீங்க."

'நல்லவேளை' என்ற சொல்லை அக்கா என்னிடம் நான்கு முறை சொன்னாள். நான் ஒருமுறைதான் எழுதியிருக்கிறேன்.

5

இங்கே அவள் கதறி உண்மையைச் சொல்லிவிடுவாள் என்று எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. அவள் சொன்னது, "நாளைக்கு வீட்டுக்கு வந்து பார்க்கறேன்" என்பது மட்டும்.

தப்பிக்க இன்னொரு வழி இருந்தது. ஒரு தட்டுக்குப் பின்னாலேயே ஒட்டி வரும் இரண்டாவது தட்டைக் கண்டுகொள்ளாதே என்று கீபோர்டுக்குச் சொல்லிவைக்கலாம். ஐந்து நிமிட வேலை. குறை மறைந்துவிடும். 'உங்க விரலுக்குத் தகுந்த மாதிரி மாத்திட்டேன்' என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம். மறுநாள் காலை அதற்கான மடிக்கணினியையும் எடுத்துக்கொண்டாள், வேறு சரக்கிலிருந்து சோதித்த சுவிட்சுகளையும் எடுத்துக்கொண்டாள்.

"எதைச் செய்யப்போறேன்னு பஸ்ஸை விட்டு இறங்கற வரைக்கும் எனக்கே தெரியாது."

மாஸ்டர் கதவைத் திறந்தார். உட்கார்ந்ததும் இரண்டு கைகளையும் மேசைமேல் நீட்டிக் காட்டினார். விரல்கள் ஆடாமல் அசையாமல் இருந்தன. அவற்றைப் பார்த்து, போச்சு என்பதுபோல் உதட்டைப் பிதுக்கினார்.

அக்கா கீபோர்டைக் கழற்றினாள். திருகுகளை எடுத்தாள். பலகையைத் தனியே பிரித்து வைத்தாள். பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"உங்க கையில ஒண்ணுமில்லை மாஸ்டர். சுவிட்ச்தான் கோளாறு. போடறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். போன்ல பொய் சொன்னேன்."

[இதை அவள் கட்டாயம் எழுதச் சொன்னாள்: "அவரால திட்ட முடியாத நேரமாப் பார்த்துச் சொன்னேன். அவரோட வாயைக் கழட்டி மேசையில போட்டுட்டுச் சொன்னேன். அதை விட்டுடாதீங்க." விடவில்லை.]

மாஸ்டர் எழுந்து ஜன்னலுக்குப் போனார். திரும்பி வந்து தன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி விரித்துப் பார்த்தார். அவள் எல்லா சுவிட்சையும் ஈயப் பற்றை உருக்கிக் கழற்றி எடுத்து, புதியவற்றை வைக்க மூன்று மணி நேரம் ஆயிற்று. இடையில் அவர் ஒரு கிண்ணத்தை நகர்த்தி, உருண்டுகொண்டிருந்த திருகுகளை அதில் போட்டார். (இதை மன்னிப்பு என்று படித்துவிடாதீர்கள். திருகு தொலைந்தால் நஷ்டம் அவருக்குத்தான்.)

6

நடந்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். நரம்பு டாக்டரிடம் வாங்கிய தேதியை ரத்து செய்தார்கள். மற்ற முப்பது பேருக்கும் அக்கா அந்த வாரமே உண்மையை எழுதினாள். பத்தொன்பது கீபோர்டு திரும்பி வந்தது. சிலர், சத்தம் நன்றாக இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும் என்று பதில் போட்டார்கள்.

மிச்சம், மாஸ்டர் என்ன சொன்னார் என்பது. நான் மூன்று முடிவு எழுதினேன்.

'நன்றி' என்று கணினி சொல்கிறது, இருவர் கண்ணும் கலங்குகிறது. "அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை" என்றாள்.

சத்தத்தை முழுக்கக் கூட்டி வைத்துக் கத்துகிறார். "அந்த மெஷினுக்குக் கத்தத் தெரியாதுங்க."

அவளுக்கு இலவசமாகக் கார் ஓட்டக் கற்றுத்தருகிறார். "எனக்கு ஏற்கெனவே ஓட்டத் தெரியும்."

உண்மையில் அவர் கீபோர்டை இணைத்து, நிதானமாக நாலு வரி அடித்தார். பேசும் விசையை அழுத்தவில்லை. திரையை அவள் பக்கம் திருப்பினார். அவள் படித்து முடிக்கும்வரை காத்திருந்து, அழித்தார். பிறகு வேறொன்று அடித்துப் பேசவிட்டார்:

"என் மகள் சாயங்காலம் வருவாள். அவளிடம் நீங்களே சொல்லுங்கள்."

அக்கா அதுவரை இருந்தாள், சொன்னாள். மகள் வாசல்வரை வந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

அழித்த அந்த நாலு வரியில் என்ன இருந்தது என்று கேட்டேன்.

"அது எனக்குச் சொன்னது" என்றாள். பிறகு, "'க' ஒன்பது இடத்துல வந்துச்சு. ஒண்ணுகூட இரட்டிக்கல. படிக்கும்போதே எண்ணிட்டேன்" என்றாள்.

ஒன்பது 'க' வருகிறமாதிரி நாலு வரி நானும் பலமுறை எழுதிப் பார்த்துவிட்டேன். என் மாஸ்டர் ஒன்று சீக்கிரம் மன்னித்துவிடுகிறார், இல்லை கதாசிரியனைப் போலத் திட்டுகிறார். இனி உங்கள் பாடு. அவள் அதைப் படித்துக்கொண்டிருந்தபோது அவர் கைகள் ஆடாமல் அசையாமல் மேசைமேல்தான் இருந்தனவாம்.