காலி அட்டை

ஒவ்வொரு ஜூலை பன்னிரண்டும் என் மனைவி லொரெய்னின் அண்ணன் வாலியும் அவன் நண்பன் கேசிமிரும் எங்கள் வீட்டுப் பின்புறம் இறைச்சி சாசேஜ் சுடுவார்கள். 1979இல் அதே நாள் சிகாகோ பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோ பிடிக்காத ரசிகர்கள் கொண்டுவந்த டிஸ்கோ இசைத்தட்டுகளை வெடிவைத்துத் தகர்த்தார்கள். கூட்டம் களத்துக்குள் பாய்ந்தது. இவர்களும் பாய்ந்தவர்கள்தான். தானும் களத்தில் இறங்கி, அங்கிருந்து புல்லைப் பெயர்த்து வந்து இந்த வேலியோரம் நட்டதாக லொரெய்ன் சொல்வாள். நான் நம்பியதில்லை. அவள் இறந்து எட்டு மாதமாகிறது.

"அந்த வேலி மூலையத் தோண்டி அடுப்பு கட்டிடலாம் மாப்ளே," என்றான் வாலி.

"லொரெய்ன் நட்ட புல்லு அது, மச்சான்."

"அட, அன்னிக்கு அவ சீட்ட விட்டே எந்திரிக்கல."

கேசிமிர் சிரித்தான். "உனக்கெப்படிடா தெரியும்? போலீஸப் பார்த்ததும் தங்கச்சிய விட்டுட்டு ஓடினவன்தானே நீ! அவ கொண்டுவந்த ரெக்கார்ட வீசிட்டு, அதோட காலி அட்டைக்குள்ள புல்லத் திணிச்சா. மண்ணு கொட்டாம அடியில என் தொப்பியப் பிடிச்சுக்கிட்டே வந்தேன். தொப்பி நாசம்."

உள்ளே போய் அலமாரியைத் திறந்தேன். அவளுடைய இசைத்தட்டுகளுக்கிடையே தட்டில்லாத அட்டை ஒன்று உண்டு. அதன் மேலிருந்தது மழைநீர் பட்ட கறை என்று நினைத்திருந்தேன். விரலை விட்டேன். அடியில் காய்ந்த மண்.

வெளியே கொண்டுவந்து காட்டினேன். வாலி வெகுநேரம் அதைக் கையில் வைத்திருந்தான்.

"அடுப்ப அந்தப் பக்கம் கட்டிக்கலாம்," என்றான்.

அன்று இரண்டு சாசேஜ் சாப்பிட்டேன். எட்டு மாதத்தில் முதல்முறையாகப் பசித்தது.