ஓடுகாலியும் சோம்பேறியும்

விரால் மீனுக்கு எதைப் போடுவது என்பதில் எனக்கும் தருமனுக்கும் ஆறு வருடமாகச் சண்டை. நான் ஓடுகாலி கட்சி. அவன் சோம்பேறி கட்சி.

இரண்டுமே நான் செய்கிற பொய் இரைகள். ஓடுகாலி என்பது ஈயக் குண்டின்மேல் ஜரிகைத் துண்டுகளை நெருக்கமாகச் சுற்றி, வாலில் கொக்கி கட்டியது. தூர எறிந்து, தண்ணீரின் மேலாக வெடுக் வெடுக்கென்று இழுக்க வேண்டும். பளபளவென்று குட்டி மீன் தப்பி ஓடுவது மாதிரி இருக்கும். விராலுக்கு ஆத்திரம் பொங்கும், துரத்தி வந்து அடிக்கும். சோம்பேறி என்பது கறுப்புச் சாயம் போட்ட பட்டுநூல் கழிவைப் புழு மாதிரி முறுக்கியது. அதைத் தாமரை இலை ஓரத்தில் இறக்கிவிட்டு பீடி பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். எப்போதாவது விரல் நுனியால் ஓர் அசைப்பு, அவ்வளவுதான் வேலை.

எனக்கு அந்த உட்காருகிற உத்தியோகம் ஒத்துவராது. மாணிக்கவேல் என்றால் கோபக்காரன் என்று ஆரணியில் எங்கள் தெரு முழுக்கப் பெயர். பொய்யில்லை. நூல் அறுந்தால் தறியைத் திட்டுவேன், கரண்டு போனால் கம்பத்தைத் திட்டுவேன். தருமன் நேர் எதிர். சந்தவாசலில் இரண்டு ஏக்கர் வைத்திருக்கிறான். நெல் மூட்டையோடு ரைஸ் மில்லுக்கு வந்தால், அரவைக்குக் காத்திருக்கும் நேரத்தில் என் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு, "ஏரிக்குப் போலாமா?" என்பான். அப்படித்தான் ஆறு வருடமாகப் பழக்கம். அவன் மகள் ரேணுகாதேவியின் கல்யாணப் புடவைகூட என் தறியில் நெய்ததுதான். தொண்ணூற்றேழில், மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை. ஜரிகை கொஞ்சம் தாராளமாகவே கேட்டான், எனக்கு வேலை கொடுக்கும் முதலாளியின் கடை ஜரிகையிலேயே அப்படியே நெய்து கொடுத்தேன். அந்தப் புடவையைப் பற்றிச் சொல்லும்போது என் நெஞ்சு கொஞ்சம் நிமிரும்.

இப்போது சொல்லப்போவது தொண்ணூற்றொன்பது தை மாதம் நடந்தது. பொங்கலுக்கு முன்னால் ஒரே உட்காரலில் இரண்டு ஓடுகாலி செய்தேன். ஒன்றை ஏரிக்கு எடுத்துப் போனேன். இன்னொன்றைத் தறிக்குப் பக்கத்து ஆணியில் மாட்டி வைத்தேன். முதல் வாரம் ஓடுகாலிக்கு ஐந்து விரால். ஒவ்வொன்றையும் தூக்கித் தருமனின் மூக்குக்கு நேராக ஆட்டிக் காட்டினேன். மூன்றாவது வாரத்தில் ஒரு மீன்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"தண்ணி சில்லுனு கீது. மீனு சோம்பலா படுத்துகினு இருக்குது. இதுக்கு மெதுவா போறதுதான் சரி" என்றான் தருமன்.

"மார்கழியிலயே தொரத்துச்சு, தை வெயில்ல சோம்பலாவுமா? போய்யா" என்றேன் நான்.

அதே வாரம் வியாழக்கிழமை குப்புராஜ் முதலாளி என் வீட்டுக்கு வந்தார். தறியில் ஏற்றும் பாவு நூலும் பட்டும் ஜரிகையும் அவர் கொடுப்பார், நான் நெய்து கொடுப்பேன். பத்து வருடமாக அவருக்குத்தான் நெய்கிறேன். தறியில் இருந்த புடவையைத் தடவிப் பார்த்தவர், ஆணியில் தொங்கியதைப் பார்த்தார்.

"இன்னாபா இது?"

"தூண்டிலுங்க. மீனுக்குப் போடறது."

"ஜரிகை சுத்திக்கீது? என் ஜரிகையா?"

"உங்க ஜரிகைதாங்க. அறுத்துப் போடற துண்டு. பெருக்கித் தள்றதுதானே."

"துண்டா? இம்மாம் பெரிசா சுத்தி வச்சிட்டு துண்டுன்றியா? வெள்ளி ஜரிகையில மீன் புடிக்கிறான்பா! இன்னும் எத்தினி ரீல் எங்கெங்க போச்சோ!"

"அவுத்துப் பாருங்க. எல்லாம் ஒரு சாண் துண்டு, முடிச்சு போட்டுச் சுத்தினது."

அவிழ்க்கவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வாசலில் நின்று தெருவே கேட்கிற மாதிரி, "திருட்டுப் பையனுக்கா பத்து வருசமா சோறு போட்டேன்!" என்றார். எனக்குச் சோறு போட்டாராம்! நான் நெய்யாமலா எனக்குச் சோறு வந்தது? ஒரு சாண் துண்டு எந்த நெசவாளி வீட்டுத் தரையில் இல்லை? அவர் வீட்டுக் குப்பைத்தொட்டியில் கூடக் கிடக்கும்.

நான் எழுந்த வேகத்தில் உட்கார்ந்திருந்த பலகை கவிழ்ந்தது. என் மனைவி கமலம் மட்டும் கையைப் பிடிக்காமல் இருந்திருந்தால் அன்றைக்கு வேறு கதை ஆகியிருக்கும். கையைப் பிடித்தாளே தவிர, வாயால் என்னைவிட அதிகமாகத் திட்டினாள். முதலாளி போகிற போக்கில், ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெரு நெசவாளர் சங்கத்தில் இதைப் பேசித் தீர்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். சங்கம் திருடன் என்று சொல்லிவிட்டால் ஆரணியில் ஒரு முதலாளியும் எனக்குப் பாவு கொடுக்க மாட்டார். பதினாலு வயதில் தறியில் உட்கார்ந்தவன் நான், வேறு தொழில் தெரியாது.

மறுநாள் தருமன் வந்தான். தெருவில் பேச்சு கேட்டிருப்பான், ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. ஏரிக்கரைக்குப் போனோம். கோபத்தில் ஓடுகாலியை எறிந்து எறிந்து இழுத்தேன். நாற்பது தடவையாவது இருக்கும். தோள்பட்டை வலித்ததுதான் மிச்சம். எரிச்சலில் அதை வேட்டியில் துடைத்தேன். வேட்டியில் பச்சையாக ஒரு கறை ஒட்டியது.

பாசி என்று நினைத்தேன். தேய்த்துப் பார்த்தேன், பாசி இல்லை. ஜரிகையின் இடுக்கு முழுக்கப் பச்சை. புளி போட்டுத் தேய்க்காத பித்தளைச் சொம்பில் ஏறுமே, அந்தக் களிம்பு. மீன் திரும்பிப் பார்க்காததற்கும் இதுதான் காரணம். மினுக்கு செத்துப் போயிருந்தது. இதற்கு முன் ஓர் ஓடுகாலியும் இத்தனை வாரம் என்னிடம் தங்கியதில்லை, அதற்குள் தாமரைத் தண்டில் சிக்கி அறுந்துபோகும். வெள்ளி கறுக்கும், ஒத்துக்கொள்கிறேன். வெள்ளிக்கு எங்கேயாவது பச்சைக் களிம்பு ஏறுமா? அது செம்பு!

"பாருய்யா, பாரு! சுத்த ஜரிகைன்னு குடுக்கிறான், செம்பு ஜரிகை! என்னைத் திருடன்றான்!"

தருமன் அதை வாங்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். "இது எப்பத்துலேருந்து குடுக்கிற ஜரிகை?" என்று மெதுவாகக் கேட்டான்.

"மூணு வருசமா இதே பெட்டிதான்."

அவன் தூண்டிலின் தக்கை முங்கிப் போய்க்கொண்டிருந்தது. ஆறு வருடத்தில் முதல் தடவையாக அதை அவன் கவனிக்கவில்லை. நான்தான் கத்தினேன். இழுப்பதற்குள் மீன் போய்விட்டது.

அப்போதே ஓடிப்போய் முதலாளியின் கடை வாசலில் நின்று கத்த வேண்டும் போலக் கால் பரபரத்தது. கரைமேல் பாதி தூரம் ஓடியும்விட்டேன். பிறகு நின்றேன். இந்தப் பச்சை பிடித்ததைக் காட்டினால் அவர் என்ன சொல்வார்? "இது என் ஜரிகையே இல்ல, எங்கயோ மலிவா வாங்கி சுத்திக்கினான்" என்பார். விஷயம் அங்கேயே முடிந்துவிடும். அவர் பையில் இருப்பதுதான் சாட்சி. அதைத் தன்னுடையது என்று அவர் வாயாலேயே, கைப்பட, பத்துப் பேர் முன்னால் சொல்ல வேண்டும். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் சோம்பேறி கட்சிக்கு மாறினேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான்.

சாயந்திரம் சங்கத் தலைவரிடம் போனேன். "மொதலாளி எடுத்துகினு போனதை மாத்தி வச்சிட்டா நான் இன்னா பண்றது? ஒரு கவர்ல போட்டு ஒட்டி, மேல அவரையே எழுதச் சொல்லுங்க. இது இன்னா ஜரிகை, யார் ஜரிகைன்னு எழுதி கையெழுத்து போடட்டும்" என்றேன். குப்புராஜ் முதலாளி சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தாராம். 'என் கடையிலிருந்து நெசவாளி மாணிக்கவேலுக்கு வழங்கப்பட்ட சுத்த வெள்ளி ஜரிகை. என் சொத்து.' கீழே நீளமாகக் கையெழுத்து.

ஞாயிறு வரைக்கும் இரண்டு நாள். டீக்கடையில் என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. பக்கத்து வீட்டுக்காரன் அவன் வீட்டு ஜரிகைப் பெட்டியைப் பூட்டினான், என் காதில் விழுகிற மாதிரி. அப்படியே போய் அவன் கழுத்தைப் பிடிக்கலாமா என்றிருந்தது. பிடிக்கவில்லை. உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டமான வேலை என்று அந்த இரண்டு நாளில் தெரிந்துகொண்டேன்.

ஞாயிறு காலை சங்கக் கட்டடத்தில் நாற்பது பேர். மில்லுக்கு வந்த தருமனும் ஓரமாக நின்றான். கந்தசாமி பத்தரை நான் அழைத்து வந்திருந்தேன். நாற்பது வருடமாக உரைகல்லோடு உட்கார்ந்திருக்கிற பொற்கொல்லர், எந்தக் கட்சியும் இல்லாதவர்.

"மொதலாளி, கவர்ல இருக்கிறது உங்க ஜரிகைதானுங்களே?" என்று கேட்டேன்.

"இன்னா கேள்விப்பா இது? கண்ணைக் கட்டிட்டுக் குடுத்தாலும் என் ஜரிகை எனக்குத் தெரியும்."

"சுத்தமானதுதானுங்களே?"

"நான் வேற வைக்கிறதே இல்ல!"

தலைவர் கவரைப் பிரித்தார். பத்தர் ஓடுகாலியை எடுத்துப் பொறுமையாக அவிழ்த்தார். ஒரு சாணுக்கு ஒரு முடிச்சு. முப்பத்திரண்டு முடிச்சுகளை எண்ணிச் சொன்னார். "துண்டுதான். ரீல்லேருந்து உருவினது இல்ல" என்றார். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. நான் உட்காரவில்லை. "ஐயா, அப்படியே கல்லுலயும் கொஞ்சம் உரசிடுங்க" என்றேன்.

குப்புராஜ் முதலாளி எழுந்தார். "அதான் துண்டுன்னு தெரிஞ்சிபோச்சே, அப்பால இன்னாத்துக்கு? வுடுங்க" என்றார்.

பத்தர் விடவில்லை. கத்தி முனையால் சுரண்டினார், கம்பியே உள்ளே சிவப்பு. கல்லில் இழுத்துத் திராவகத்தை ஒரு சொட்டு வைத்தார், பச்சையாக நுரைத்தது. கல்லைக் கூட்டத்தின் பக்கம் திருப்பிக் காட்டி, "செம்பு" என்றார். நான் டப்பாவிலிருந்து களிம்பு ஏறிய இன்னொரு ஓடுகாலியை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன்.

அடுத்து நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் என் வயிறு எரிகிறது. குப்புராஜ் முதலாளி நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஜரிகை குடுக்கிற சூரத்துக்காரன் என்னை ஏமாத்திட்டான்யா!" என்றார். உடனே தலைவர், "அடப்பாவமே, அவரும்தான் ஏமாந்திருக்காரு" என்றார். இரண்டு பேர் ஓடிப்போய் அவருக்குச் சோடா வாங்கி வந்தார்கள். எனக்குத் திருடன் என்று பெயர் வைக்க ஒரு நொடி போதும். அவருக்கு ஏமாந்தவர் என்று பெயர் வைக்கவும் ஒரு நொடி போதும். உரசிப் பார்க்க வேண்டாம் என்று எழுந்தாரே, அதை நாற்பது பேரில் ஒருவனும் கேட்கவில்லை. மாணிக்கவேல் மேல் குற்றம் இல்லை என்று எழுதி, எல்லோருக்கும் டீ கொடுத்து அனுப்பினார்கள். நான் அந்த டீயைத் தொடவில்லை.

தருமனும் நானும் நேரே ஏரிக்குப் போனோம். அவன் சோம்பேறியை இறக்கிவிட்டு உட்கார்ந்தான். நான் எதையும் எறியவில்லை. வாய் ஓயாமல் திட்டினேன். முதலாளியை, தலைவரை, சோடா வாங்கி வந்தவர்களை. அவன் ஆமாம் போடவில்லை.

"இன்னாய்யா, ஒரு வார்த்தை பேச மாட்டியா? என் பேரு தப்பிச்சிருக்குது. உனக்கு சந்தோசம் இல்லியா?"

தருமன் தண்ணீரையே பார்த்துக்கொண்டு சொன்னான். "ரேணுகா பொடவை."

"அதுக்கு இன்னா?"

"கட்டின மூணாம் மாசமே கரை பச்சையாப் பூத்துச்சு. கண்ணமங்கலத்துல அவ மாமியாக்காரி பத்துப் பேருக்கு எடுத்துக் காட்டினா. உங்க அப்பன் வாங்கின பட்டப் பாருடின்னு."

"என்னாண்ட ஏன் சொல்லல?"

"எப்பிடிச் சொல்றது? நீ நெய்தது." பீடியைத் தரையில் நசுக்கிவிட்டு, "நீதான் ஜரிகைய மாத்திகினன்னு நெனச்சேன். அந்த வருசம் உனக்கும் கஷ்டம். போவட்டும், கஷ்டத்துல பண்ணிட்டான்னு வுட்டுட்டேன்" என்றான்.

விட்டுவிட்டானாம்! என்னை மன்னித்துவிட்டானாம்! குப்புராஜ் வாய்விட்டுத் திருடன் என்றார், மூன்று நாளில் உடைத்துப் போட்டேன். இவன் வாயைத் திறக்காமல் இரண்டு வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். என் வீட்டில் சாப்பிட்டான், என் பீடியைப் பிடித்தான், நான் ஆட்டிக் காட்டிய விராலுக்கெல்லாம் சிரித்தான். அவ்வளவு நேரமும் உள்ளே நான் திருடன். தெரு சொன்னது எனக்கு இவ்வளவு வலிக்கவில்லை.

"கேட்டிருக்கலாமே தருமா. ஒரு வார்த்தை. அன்னிக்கே கேட்டிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்குமே."

"கேட்டா உன் மூஞ்சி சுண்டிப் போவும்னுதான்..."

"இப்ப மட்டும் இன்னா ஆச்சு?"

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். எனக்கு இரக்கம் வரவில்லை. களிம்பு ஏறிய ஓடுகாலியை டப்பாவிலிருந்து எடுத்து மடியில் கட்டினேன்.

"எழுந்திரு. கண்ணமங்கலம் போறோம். அந்தம்மா முன்னாடி நின்னு நெய்தவன் நான், ஜரிகை என்னுது இல்லன்னு நான் சொல்லணும். பொடவைய வாங்கிகினு வந்து அந்தாளு கடையிலேயே விரிக்கிறேன். எவன் சோடா வாங்கியாறான்னு பாக்கிறேன்."

"இப்பவேவா? நெல்லு மில்லுல கீதே. வர்ற வெள்ளிக்கெழம..."

சொல்லிக்கொண்டே, வழக்கம்போல் நிதானமாகத் தூண்டில் நரம்பைச் சுற்ற ஆரம்பித்தான். ஒரு சுற்று, இரண்டு சுற்று. இடுப்பிலிருந்த கத்தியை எடுத்து அந்த நரம்பை அறுத்தேன். சோம்பேறி தண்ணீருக்குள்ளேயே போய்விட்டது. பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. கரையிறக்கத்தில் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. ஆறு வருடத்தில் முதல் தடவையாகத் தருமன் ஓடி வந்துகொண்டிருந்தான்.