கியூட்டெக்ஸ் பொட்டு

பொட்டைக் காணவில்லை. யேசுரட்ணம் சைக்கிள் கடை வாசலில் குந்தியிருந்து பெடலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். சைக்கிளைத் திருத்தக் கொடுக்குமுன் மனைவி ரொஷேலின் சிவப்புக் கியூட்டெக்ஸ் நகப்பூச்சால், பெடல் பூட்டிய பற்சக்கரமான செயின்வீலில் தொட்டு வைத்த அடையாளம் அது. இப்போது அங்கே வெறும் எண்ணெய்ப் பளபளப்பு.

மாத்திப்போட்டான்! கோபம் வந்தது. கூடவே கொஞ்சம் சந்தோஷமும் வந்தது. சந்தேகம் பலித்தால் சிலருக்கு அப்படித்தான்.

கப்பலில் சாமான் வருவது நின்றதிலிருந்து கொழும்பில் யாரும் யாரையும் நம்பவில்லை. பெற்றோல் இல்லையென்று ஊரே சைக்கிளில் ஏறிவிட்டது. சைக்கிளுக்கோ ஒரு செயின் கிடையாது. தேய்ந்ததைத் தேற்றித் தருகிறவன் மாளிகாவத்தை முஸ்அப் ஒருவன்தான். இந்தக் காலத்துத் திருத்துகாரர்கள் நல்ல இரும்பைக் கழற்றிவிட்டுத் தகரத்தைப் பூட்டுவார்கள் என்று கொட்டாஞ்சேனைச் சந்தியில் கதை. யாருக்கு அப்படி நடந்தது என்று யேசுரட்ணம் கேட்கவில்லை. ரொஷேல் சமைக்கிற சோற்றுப் பார்சல்களை இந்தச் சைக்கிளில்தான் கந்தோர் உத்தியோகத்தர்களுக்குக் கொண்டுபோகிறான். போன கிழமை ஏற்றத்தில் செயின் வழுக்கி, சோறும் பருப்பும் நடுறோட்டில். இன்னொரு தரம் விழுந்தால் கந்தோர்க்காரர் வேறு ஆள் பார்ப்பார்கள். பிறகு அடுப்பெரியாது.

"இது என்ர செயின்வீல்தானே, முஸ்அப் நானா?"

"வேற ஆர்ட?" முஸ்அப் சிரித்தான். "இனி செயின் துள்ளாது அண்ணன். நான் என்ன செஞ்சன்டா..." பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. "அஸர் தொழுதிட்டு வந்து சொல்றன். கடயக் கொஞ்சம் பாத்துக்கோங்க. இப்ப வேற ஆரயும் நம்பி உட்டுட்டுப் போகேலா."

பார், கதையை எப்படி மாற்றுகிறான்!

முஸ்அப் போனபிறகு, ஆணியில் தொங்கிய செயின்வீல் கண்ணில் பட்டது. கனத்த பழைய இரும்பு, அதே மூன்று கை. என்ர சாமானை அராவி மினுக்கி வேற ஆருக்கோ வைச்சிருக்கிறான், பொட்டை அழிக்க ஒரு சொட்டு தின்னர் போதுமே! யேசுரட்ணம் அதைக் கழற்றிப் பார்சல் பையில் போட்டான். இது களவில்லை, என்ர பொருள் என்று தனக்கே சொல்லிக்கொண்டான். முஸ்அப் வந்ததும், அவசரம் என்று சொல்லி, அவன் முகம் பாராமல் சைக்கிளில் வெளிக்கிட்டான். ஏற்றத்தில் செயின் ஒரு தரம்கூட வழுக்கவில்லை. அதுவும் அவனுக்கு எரிச்சலாக இருந்தது.

"சனியன், பொட்டை அழிச்சிட்டான்," என்றான் வீட்டில்.

ரொஷேல் சைக்கிளின் மற்றப் பக்கமாகக் குனிந்தாள். "உங்களுக்குக் கண் தெரியாதா? உள்பக்கத்தில இருக்குதப்பா. ஆள் வீலைத் திருப்பிப் பூட்டியிருக்கிறார்."

அவனும் குனிந்தான். சிவப்பாக இருந்தது பொட்டு. பற்களின் தேய்ந்த முகம் பின்னுக்குப் போய், தேயாத முகம் செயினைக் கவ்வியிருந்தது. வேறு சாமான் கிடைக்காதவன் செய்த வேலை.

"பையில என்ன கனக்குது?" என்றாள்.

அவன் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். முஸ்அப் பார்க்காத நேரம் ஆணியில் மாட்டிவிட வேண்டும், அவ்வளவுதான், மாதாவே.

கடை வாசலில் முகத்துவாரத்து மீன்காரர் ஒருவர் நின்று கத்திக்கொண்டிருந்தார். அவருடைய சைக்கிள் செயின்வீல் இல்லாமல் சுவரில் சாய்ந்திருந்தது, செயின் நிலத்தில் கிடந்தது.

"ஆணியில கிடந்தது எங்க போகும்? நீ தொழப் போகேக்க ஆர் இஞ்ச நிண்டது?"

"சத்தம் போடாதீங்க. யேசு அண்ணன்தான் இரிந்தாரு. அவரு இரிக்கக்குள்ள ஒண்டும் களவு போகாது. நான்தான் கைமறதியா எங்கயோ வெச்சிருக்கன்." முஸ்அப் நிமிர்ந்தான், முகம் மலர்ந்தது. "இந்தா, அவரே வந்துட்டாரு. நீங்களே சொல்லுங்க அண்ணன்."

யேசுரட்ணம் வாயைத் திறந்தான். பையின் பிடி விரலை அறுத்தது. அடியில், துணியைக் குத்திக்கொண்டு செயின்வீலின் ஒரு பல் வெளியே வந்திருந்தது.